இடுக்குத் தூள்

அடெமாரின் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. பிரேசிலில் எங்கள் ஊரான சாவ் லூயிஸில் மார்ச் மாத மழை விடுகிறது என்றால், மதியத்துக்கு மேல் மறுபடி பிடித்துக்கொள்ளப் போகிறது என்று அர்த்தம். நான் டைல்ஸ் வெட்டும் கருவியைத் தோளில் சுமந்திருந்தேன். என் தம்பி ஜெனில்சன் வாளி, சுரண்டி, ரப்பர் பலகை எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் அடுக்கி, கல் பாவிய சரிவில் கடகடவென்று ஏற்றிக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டு வாசலில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளில் ரெகே பாட்டு அலறியது. அந்தத் தாளத்துக்கு இடுப்பை ஆட்டிக்கொண்டே வண்டி தள்ளினான்.

"டேய், வேலைக்கு வந்தியா, கல்யாணத்துக்கு வந்தியா?"

"கல்யாண வீட்டுலகூட இவ்ளோ நல்ல பாட்டு போட மாட்டானுங்கக்கா."

டைல்ஸ் ஒட்டுவது என் வேலை. ஒட்டிய டைல்ஸுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் கிரவுட் அடைப்பது அவன் வேலை. "நீ சட்டை தைக்கிறே, நான் பட்டன் வெக்கிறேன். பட்டன் இல்லேன்னா மானம் போயிடும்" என்று பீற்றிக்கொள்வான். பீற்றிக்கொள்ளட்டும், அவனுக்கு அந்த உரிமை உண்டு. எங்கள் ஊரில் பழைய வீடுகளுக்கு முகமெல்லாம் நீல டைல்ஸ். நாலு டைல்ஸ் உதிர்ந்து புதிதாக ஒட்டினால், புது இடுக்கு வெள்ளையாகப் பல்லைக் காட்டும். பழைய இடுக்கின் நிறத்தைக் கொண்டுவருவதுதான் சாமர்த்தியம். அதற்கு இங்கே ஒரு வழி வைத்திருக்கிறோம். சுரண்டி எடுத்த பழைய கிரவுட்டை பாட்டிலால் உருட்டிப் பொடித்து, நைலான் காலுறையில் சலித்து, அந்தத் தூளைப் புதுக் கிரவுட்டில் கலந்துவிடுவோம். எல்லாரும் செய்வதுதான், ஜெனில்சன் அதில் மன்னன்.

அம்மா போனபிறகு அவனை வளர்த்தவள் நான். அவனும் அவன் மனைவி ரோசிவானியும் குழந்தை டைனாராவும் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். எனக்கென்று கல்யாணம், குடும்பம் எதுவும் அமையவில்லை, அதைப் பற்றி வருத்தமும் இல்லை. இந்த மூன்று பேர் இருக்கும்வரை நான் இருக்கிறேன், அவ்வளவுதான்.

அடெமார் கதவைத் திறந்தார். வெளுத்த சட்டை, படிய வாரிய நரைமுடி, இடுப்பில் சாவிக்கொத்து. ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் கிளிஞ்சல் சுடும் காளவாய் வைத்திருந்தவர், சுற்றுவட்டாரத்தில் பல சுவர்களுக்கு அவருடைய சுண்ணாம்புதான். காளவாயை மூடி வருஷங்கள் ஆகியும் கை கழுவும் பழக்கம் மட்டும் போகவில்லை போலிருந்தது. எங்களோடு பேசிக்கொண்டிருந்தபோதே முற்றத்துக் குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தார்.

வீட்டின் பின்கட்டில், துணி துவைக்கும் அறை. ஜன்னல் கிடையாது. கதவு வழியாக முற்றத்து வெளிச்சம் கொஞ்சம் வரும், மற்றபடி ஒரு குண்டு பல்பு. நாலு சுவரிலும் தோள் உயரத்துக்கு மேல்வரை பழைய நீல டைல்ஸ். மூன்று சுவர்கள் ஒழுங்காக இருந்தன. தொட்டிக்குப் பின்னால் இருந்த நாலாவது சுவரில், டைல்ஸுக்கு நடுவே ஒவ்வொரு இடுக்கும் ஈரமாகக் கருஞ்சிவப்பில் கசிந்துகொண்டிருந்தது. துரு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வாடை வந்தது. சாக்கடை வாடை இல்லை. தலைமுடி கருகினால் ஒன்று வருமே, அது.

"இந்த ஒரு செவுரு மட்டுந்தான்," என்றார் அடெமார். "இடுக்குல இருக்கற பழசை முழுக்கச் சுரண்டிட்டு எபாக்ஸிப் பிசின் அடைக்கணும். மத்த மூணு செவுரோட நிறத்துக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியக்கூடாது."

ஜெனில்சன் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். "எபாக்ஸி வேணாங்கய்யா. கெழட்டு செவுரு. தரையிலேருந்து ஈரத்தை இழுத்து இடுக்கு வழியாத்தான் விடும். அடைச்சா செத்துடும். நான் சுண்ணாம்பே போட்டுத் தரேனே."

"இப்ப இருக்கறதும் சுண்ணாம்புதான். அழகைப் பாத்தியா?"

"அப்ப சிமென்ட் கிரவுட் போடலாம். மணல் கலந்தது ஆகாது. இடுக்கு நெல்லு அகலந்தான் இருக்கு, உள்ள எறங்காது. மேல இருக்கற மெருகையும் கீறிடும். மணல் இல்லாததைப் போடறேன். அதுவாவது கொஞ்சம் மூச்சு விடும்."

"செவுரு மூச்சு விட வேணாம் தம்பி." அவர் சிரிக்கவில்லை. "தண்ணி, கறை, வாடை, எதுவும் வெளிய வரக்கூடாது. எபாக்ஸி போட முடியும்னா போடு, இல்லேன்னா கெளம்பு."

ஜெனில்சன் என்னைப் பார்த்தான். நான் தோளைக் குலுக்கினேன். வீட்டுக்காரர் கேட்பதைச் செய்துவிட்டுப் போவதுதானே எங்கள் பிழைப்பு.

"இன்னொண்ணு," என்றார் அவர். "சுரண்டற தூள் ஒரு சிட்டிகைகூடத் தங்கக்கூடாது. மொத்தத்தையும் கடல்ல கொட்டிடணும். புரியுதா?"

"சரிங்கய்யா," என்றான் ஜெனில்சன். அந்தச் 'சரி' எனக்குத் தெரியும். குடிக்காதே என்று நான் சொல்லும்போதும் அவன் அதே 'சரி'யைத்தான் சொல்வான். எபாக்ஸி கடையில் வெள்ளையிலும் சாம்பலிலும்தான் கிடைக்கும். மற்றச் சுவர்களின் இடுக்கில் இருந்த அந்தப் பழந்தந்த நிறம், பழைய யானைத் தந்தத்தின் மங்கல் மஞ்சள், வேண்டுமென்றால் அந்தத் தூள் இல்லாமல் எப்படி? அவரே நிறம் கேட்கிறார், அவரே தூளைக் கொட்டச் சொல்கிறார். இரண்டையும் எப்படிச் செய்வதாம்?

அவருடைய மனைவி லூசிலெய்டி காப்பியும் சோளப் புட்டும் கொண்டுவந்தாள். அவருக்கு மகள் வயது இருக்கும். அறைக்குள் வராமல் வாசற்படியில் நின்றே தட்டை நீட்டினாள். அடெமார் முன்கட்டுக்குப் போகும்வரை பேசவில்லை.

"மூக்கைக் கட்டிக்குங்கக்கா," என்றாள் மெதுவாக. "அந்தத் தூளை உள்ள இழுக்காதீங்க."

"எதுக்கும்மா?"

"அந்தச் செவுருக்கு மட்டும் அவரே இடுக்கு அடைச்சாராம். கரண்டியே புடிக்காத மனுஷன். முந்தின சம்சாரம் நெயூசா பெலேங் ஊருக்குப் படகேறிப் போயிட்டதா அவர் சொன்ன அதே வருஷம்." முன்கட்டில் சாவிச் சத்தம் கேட்டதும் பேச்சை மாற்றினாள். "புட்டு ஆறிடும், சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் விரல்கள் பதிந்து கன்றிய தடம் இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன செய்வது, நாங்கள் சுவர் வேலைக்கு வந்தவர்கள்.

ஜெனில்சன் சுரண்ட ஆரம்பித்தான். கிரவுட் சுரண்டும் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. கரகரவென்று ஒரே சீராகப் போகும். அன்று அப்படிப் போகவில்லை. ஒவ்வொரு இடுக்கிலும் பிளேடு முதலில் நுழையும்போது உள்ளிருந்து 'ஹா' என்று காற்று வந்தது. தூக்கத்தில் புரண்டு படுப்பவர்கள் விடுவார்களே, அது மாதிரி.

"கேட்டியாக்கா? செவுருக்கு சந்தோஷம்."

மேல்கறைக்கு அடியில் தூள் பழந்தந்த நிறத்தில்தான் வந்தது. அவன் அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். சுண்ணாம்பை அப்படிப் பார்ப்பது அவன் வழக்கம். "கிளிஞ்சல் சுண்ணாம்புதான். என்னமோ கூட கலந்திருக்கு. மணல் இல்ல. மணல் பல்லுல கரகரங்கும். இது வழவழன்னு இருக்கு."

"துப்புடா சனியனே."

துப்பினான். அடுத்த இடுக்கில் பிளேடு சிக்கியது. இழுத்தான், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். பிளேடு படீரென்று ஒடிந்து, ஒடிந்த துண்டு அவன் உள்ளங்கையைக் குறுக்கே கிழித்துவிட்டது. ரத்தம் சுவரில் பீய்ச்சி அடித்தது. நான் துணியால் கட்டும்போது தற்செயலாகச் சுவரைப் பார்த்தேன். டைல்ஸின் மேல் தெறித்த ரத்தம் கீழே வழியவில்லை. பக்கவாட்டில் நகர்ந்தது. இடுக்கை நோக்கிப் போயிற்று, உள்ளே போயிற்று, டைல்ஸ் துடைத்த மாதிரி ஆயிற்று.

"பாத்தியா, செவுருக்கு எவ்ளோ தாகம்னு," என்றான் அவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுரண்டிய தூளை அவன் கடலுக்குக் கொண்டுபோகவில்லை. பால்பவுடர் தகரத்தில் போட்டு மூடி, வண்டிக்கு அடியில் வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து பாட்டிலால் பொடித்தபோது நசுங்காத சில துணுக்குகள் தங்கின. கிளிஞ்சல் என்று சொல்லி அவற்றை அப்படியே தகரத்தின் அடியில் விட்டுவிட்டான்.

மறுநாள் கலந்தோம். எபாக்ஸி என்பது பிசின் ஒரு டப்பா, அதை இறுக வைக்கும் மருந்து ஒரு டப்பா. இரண்டையும் சேர்த்தவுடன் வேலையை விரட்டிச் செய்ய வேண்டும். மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது, கல்லாகிவிடும். ஜெனில்சன் சலித்த தூளைக் கை நிறைய அள்ளிப் போட்டுப் பிசைந்தான். முதல் கலவையிலேயே நிறம் வந்துவிட்டது. பக்கத்துச் சுவரில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தான். எது பழசு, எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை.

"சொல்லு, உன் தம்பி மந்திரவாதியா இல்லையா?"

"மந்திரவாதிதான். வேலையைப் பாரு."

முக்கால் சுவர் முடிந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். முதல் கலவையில் கையளவு மிச்சம் இருந்தது. அதைப் பிளாஸ்டிக் மூடியில் வழித்தெடுத்துக்கொண்டு, சாப்பிடுகிற சாக்கில் வீட்டுக்கு ஓடிப் போய்வந்தான். மிச்சத்தை எறிந்தால் பாவம் என்று நினைப்பவன். டைல்ஸ்காரன் வீடு எல்லாமே அடுத்தவன் வீட்டு மிச்சம்தான் என்று ரோசிவானி அவனைக் கிண்டல் செய்வாள். நான் முற்றத்தில் உட்கார்ந்து புளிச்சக்கீரைச் சோறு சாப்பிட்டு முடித்தேன். அவன் திரும்பி வந்து இன்னொரு கலவை பிசைந்து கடைசி வரிசைகளை அடைத்தான். வினிகர் தண்ணீரில் ஸ்பாஞ்சு நனைத்து டைல்ஸ் மேல் ஒட்டியதைத் துடைத்தோம். சுவர் கண்ணாடி மாதிரி நின்றது. கசிவு இல்லை. வாடை இல்லை.

அந்த அமைதிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் கூழாங்கல் கொட்டுவது போல் அடித்தது. கரண்ட் போயிற்று. பக்கத்து வீட்டு ரெகே பாதிச் சொல்லில் அறுந்தது. அறைக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இருட்டு. தொட்டிக்குப் பின்னால் எங்கேயோ டக், டக் என்று தட்டும் சத்தம் கேட்டது. நகத்தால் டைல்ஸைத் தட்டினால் அப்படித்தான் கேட்கும். உள்ளே குழியாக இருக்கிறதா என்று நாங்களே அப்படித்தான் தட்டிப் பார்ப்போம்.

"ஜெனில்சன், நீயா தட்டறே?"

"நான் இங்க இருக்கேன்கா. கை அரிக்குது."

"எபாக்ஸி பட்டிருக்கும். கழுவு."

"இல்லக்கா. உள்ள அரிக்குது."

நான் கைபேசி வெளிச்சத்தை அவன் பக்கம் திருப்பினேன். முன்கையில் ரூல்தடி வைத்து இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் குறுக்கே இன்னொன்று எழுந்தது. பிறகு இன்னொன்று. தோள்வரை, கழுத்துவரை, சட்டைக்கு உள்ளே. கட்டம் கட்டமாக.

ஒரு கட்டம் சரியாக அந்த டைல்ஸின் அளவு இருந்தது.

முதல் கோடு பிளந்தது.

கத்தி எதுவும் இல்லை, கை எதுவும் இல்லை. தோல் தானாக நேராகப் பிளந்து ரத்தம் பொங்கியது. அவன் அலறினான். அடுத்த கோடு மார்பில் பிளந்தது. சட்டை அப்படியே சதுரமாக நனைந்தது. "அக்கா, அக்கா" என்று என் கையைப் பிடித்தவன் சட்டென்று நிறுத்தினான். வாயைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. உதட்டின் நடுவே பழந்தந்த நிறத்தில் வழவழப்பாக ஏதோ அடைத்திருந்தது. மூக்கிலும் அதே. கண்கள் பிதுங்கின. கால்கள் தரையை உதைத்தன.

மூச்சு விட முடியவில்லை அவனுக்கு.

செவுரு மூச்சு விட வேணாம் தம்பி.

எனக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்காதீர்கள். யோசித்துச் செய்யவில்லை. சுரண்டியை எடுத்துச் சுவரில் பாய்ந்தேன். எபாக்ஸி இறுகிவிட்டால் தொலைந்தது, தீயால் சுட்டு இளக்கினால் தவிர வராது. இறுகுவதற்குள் தோண்டினால்தான் உண்டு. ஏற்கெனவே பாதி கல்லாகியிருந்தது. முனையைக் குத்தி, உடல் பாரம் முழுவதையும் போட்டு இழுத்தேன். நகம் பெயர்ந்தது. ஒரு சாண் நீளத்துக்குக் கிரவுட் பிய்ந்து வந்தது. உள்ளிருந்து அந்த 'ஹா'. எனக்குப் பின்னால் ஜெனில்சன் மூக்கு வழியாக ஒரு மூச்சு இழுத்தான்.

இன்னொரு சாண். இன்னொரு மூச்சு.

"நிறுத்துடி!"

அடெமார் வாசலில் நின்றார். ஒரு கையில் விளக்கு, மறு கையில் கரும்பு வெட்டும் நீளக் கத்தி. தரையில் ரத்தத்தில் புரளும் என் தம்பியை அவர் பார்க்கக்கூட இல்லை. சுவரைத்தான் பார்த்தார்.

"ஐயா, அவன் செத்துக்கிட்டு இருக்கான்யா!"

"சாகட்டும். மூடு அதை."

நான் திரும்பிச் சுரண்டினேன். கத்தியின் பின்புறத்தால் என் மணிக்கட்டில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தேன். இடது கையால் சுரண்டியைத் தேடினேன், அவர் என் விரல்களை மிதித்தார். பிறகு விளக்கைத் தொட்டி மேல் வைத்துவிட்டு, நான் தோண்டிப் போட்ட களிம்பைத் தரையிலிருந்து வழித்து இடுக்கில் கட்டைவிரலால் அழுத்த ஆரம்பித்தார். பேசிக்கொண்டே அழுத்தினார். எங்களிடம் பேசவில்லை.

"கெளம்பிப் போறேன்னு சொன்னல்ல? எங்க போனே? கழுத்தை நெரிச்சும் அடங்கல. காளவாயில போட்டு ராத்திரி முழுக்க வேகவெச்சேன், வெந்து சுண்ணாம்பாப் போயும் அடங்கல. பத்து வருஷமா ஒழுகிட்டு இருக்கே. நெயூசா, உள்ள கெட. உள்ள கெடடி!"

வாசலில் லூசிலெய்டி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

அடெமாரின் கட்டைவிரல் இடுக்குக்குள் போனது. நெல் அகல இடுக்கு அது. அவருக்கும் விளங்கவில்லை போலிருக்கிறது, குனிந்து பார்த்தார். இழுத்தார். வரவில்லை. டைல்ஸ் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கின. விரல் நறுக்கென்று போயிற்று.

அவருடைய அலறலுக்கு முன்னால் சுவர் அலறியது. எல்லா இடுக்குகளும் ஒரே சமயத்தில் திறந்துகொண்டன. கீழ்வரிசையில் ஒரு டைல்ஸ் பிய்ந்து பறந்து அவர் கன்னத்தைக் கிழித்தது. அடுத்தது காதை. அடுத்தது கழுத்தின் ஓரத்தை. சீட்டுக்கட்டைக் கலைத்து விசிறுவது போல வரிசை வரிசையாக வந்தன. கத்தியைச் சுழற்றினார், எதை வெட்டுவது என்று தெரியாமல் காற்றை வெட்டினார். முழங்காலில் விழுந்து, ஒரு கையால் முகத்தை மறைத்து, "லூசி! என்னை வெளிய இழுடி, லூசி!" என்று கெஞ்சினார்.

லூசிலெய்டி உள்ளே வந்தாள். அந்த அறைக்குள் அவள் கால் வைத்து நான் பார்த்தது அப்போதுதான். டைல்ஸ் எதுவும் அவளைத் தொடவில்லை. அவரைத் தாண்டிப் போய் ஜெனில்சனின் அக்குளில் கை கொடுத்து அவனை முற்றத்து மழைக்கு இழுத்துச் சென்றாள். பிறகு வந்து என்னையும் இழுத்தாள்.

நான் கடைசியாகப் பார்த்தது இதுதான். மொட்டையாக நின்ற சுவரிலிருந்து பழந்தந்த நிறத்தில் ஒரு களிம்பு, விரல் விரலாக, தரையில் கிடந்த அடெமாரின் வாய்க்குள் இறங்கியது. நிதானமாக, இடைவெளி விடாமல், நல்ல வேலைக்காரர் இடுக்கு அடைப்பது போல. அவர் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. அப்புறம் உதைக்கவில்லை.

மழையில் ஜெனில்சனின் உதட்டிலிருந்து அந்த அடைப்பு தோல் மாதிரி உரிந்து விழுந்தது. அவன் இழுத்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டு நான் எங்கள் பக்கத்துக் காவல் புனிதர் ரிபமார் சூசையப்பரைக் கூப்பிட்டு ஓவென்று அழுதேன். மணிக்கட்டு தொங்குவதுகூட அப்போது வலிக்கவில்லை.

போலீஸ் வந்தது. பழைய சுவர், மழை ஈரம், டைல்ஸ் உதிர்ந்து ஆள் சாவு என்று எழுதிக்கொண்டார்கள். நுரையீரல்வரை ஒரே கட்டியாகக் கல் இறங்கியிருந்ததை எப்படி எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் லூசிலெய்டியும் உடைந்த கிரவுட்டை ஒரு துணுக்கு விடாமல் பெருக்கி எடுத்தோம். பால்பவுடர் தகரத்தைக் கவிழ்த்தபோது, நசுங்காத துணுக்குகளில் ஒன்று வெளிச்சத்தில் மின்னியது. பாதிப் பல். குழியில் வெள்ளி அடைத்த பல். லூசிலெய்டி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இவங்க துணிமணியெல்லாம் இன்னும் பீரோவுல இருக்குக்கா," என்றாள். "ஒண்ணுகூட எடுத்துட்டுப் போகல."

பாதிரியாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கல்லறைத் தோட்டத்தில் நெயூசா என்று பெயர் எழுதி அடக்கம் செய்தோம். லூசிலெய்டி பூ வைத்தாள். முடிந்தது என்று நினைத்தேன்.

ஜெனில்சனை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். மார்பு, முதுகு, கை எல்லாம் கட்டம் கட்டமாகத் தையல். நாலைந்து நாள் அவன் பேசவில்லை. பேசியபோது முதலில் கேட்டது இதுதான்.

"எல்லாத்தையும் பொதைச்சிட்டியாக்கா?"

"பொதைச்சாச்சுடா. ஒரு பொட்டு விடல. தூங்கு."

"அந்த மிச்சம்?"

"எந்த மிச்சம்?"

அவன் கண் நிறைந்தது. "சாப்பிடப் போனேனே. நம்ம வீட்டுத் தொட்டி ஓரம் ஒழுகுதுன்னு ரோசி சொல்லிட்டே இருந்தா. டைனாராவைக் குளிப்பாட்டற தொட்டி."

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. வீட்டில் எல்லாம் சாதாரணமாக இருந்தது. அடுப்பில் பீன்ஸ் கொதித்தது. தொட்டியின் ஓரத்தில், சுவரும் தொட்டியும் சேரும் இடத்தில், முழ நீளத்துக்கு அவன் அடைத்திருந்தான். அழகான வேலை. பழந்தந்த நிறம், கண்ணாடி மழமழப்பு. விரலால் சுண்டினேன். கல்.

"அக்கா, வந்துட்டீங்களா?" உள்ளிருந்து ரோசிவானி குரல் கொடுத்தாள். "பாப்பா முதுகைக் கொஞ்சம் பாருங்களேன். பாய் அழுந்தின மாதிரி ஒரு கோடு. ரெண்டு நாளா போகவே மாட்டேங்குது."

நேர்க்கோடு. ஒன்றே ஒன்று. சிவப்பாகக்கூட இல்லை, லேசான ரோஜா நிறம். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இறுகிய எபாக்ஸி தீக்குத்தான் இளகும். வெல்டிங் கடையிலிருந்து தீ ஊதும் கேஸ் டார்ச்சை வாங்கிவந்தேன். "பொறுத்துக்கோ நெயூசா, உன்னைத் திரும்பவும் சுடறதுக்கு என்னை மன்னிச்சிடு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டுத் தீயைக் கிரவுட்டின் அருகே கொண்டுபோனேன். உள் அறையில் டைனாரா வீறிட்டாள். தீயை விலக்கினேன், நிறுத்தினாள். மறுபடி கொண்டுபோனேன். ரோசிவானி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், "கொதிக்குதுக்கா, உடம்பு நெருப்பா கொதிக்குது" என்று. டார்ச்சை அணைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தீ வைப்பதில்லை. ரோசிவானியையும் குழந்தையையும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தேன், கோடு கூடவே போயிற்று, திரும்ப அழைத்துக்கொண்டேன். தொட்டியையே உடைக்கலாம் என்று சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன், அதற்கே குழந்தையின் தோளில் கன்றிப்போனது. இப்போது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு, இடது கையால், சின்னப் பிளேடால் சுரண்டுகிறேன். மெதுவாகச் சுரண்டினால் குழந்தை அழுவதில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்தால் ஒரு விரல் நீளம் வருகிறது. வந்த தூளைக் காகிதத்தில் மடித்துக் கல்லறைக்குக் கொண்டுபோய் நெயூசாவின் மேல் தூவிவிட்டு வருகிறேன்.

காலையில் எழுந்து பார்த்தால் சுரண்டிய இடம் நிரம்பியிருக்கிறது. எங்கே சுரண்டினேன் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நிறம் அவ்வளவு சரியாகப் பொருந்தியிருக்கிறது.